சுண்டுவிரல் பைப்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கஞ்சா பிடித்தவன் இல்லை. அந்தக் காலத்துத் திருவண்ணாமலையில் கையில் சின்னதாக ஒரு பைப்பு இருந்தால் போதும், ஊரே அப்படித்தான் நினைக்கும். மலைப் பக்கம் சில சாமியார்கள் சிலும்பியில் கஞ்சா பிடிப்பார்கள். சடை வளர்த்த வெள்ளைக்காரப் பையன்களும் அவர்களோடு போய் உட்காருவார்கள். அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். டீக்கடையில் ஒருவர் என் மூஞ்சிக்கு நேராகவே கேட்டார், "இன்னாப்பா, இன்னிக்கு சரக்கு எப்படி?" என்று. புகையிலை ஐயா, வெறும் புகையிலை! எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன். ஒருத்தரும் நம்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. அதில் ஹாலந்துக்காரர் ஒருவர், வயதானவர், மூன்று மாதம் தினமும் ஒரே சைக்கிளை எடுப்பார். சாயங்காலம் திரும்பி வந்ததும் கடை பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பைப்பை எடுப்பார். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் அடைத்துக்கொள்ளும். அதில் ஒரு சிட்டிகை புகையிலை போட்டு, ஏழெட்டு இழுப்பு இழுப்பார். முடிந்தது. துடைத்து உள்ளே வைத்துவிடுவார். பெரிய பைப்பு பிடிக்கிற துரைமார்களை சினிமாவில் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் புதிது. ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

செர்ரி மரத்தில் செய்தது என்று பின்னால் ஒருத்தர் சொன்னார். கருஞ்சிவப்பு நிறம், கழுத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளி வளையம். எனக்கு இடது பக்கக் கோரைப்பல் பாதி உடைந்தது, சைக்கிள் ஹேண்டில்பாரில் மோதி. பைப்பை நான் அந்தப் பல்லில்தான் கவ்வுவேன். நாளாக ஆக அதன் வாயில் சின்னதாகச் சாய்வாய் ஒரு பள்ளம் விழுந்தது. வேறு யார் வாயில் வைத்தாலும் அந்தப் பள்ளம் உறுத்தும், எனக்கு மட்டும் கச்சிதமாக உட்காரும்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்த வெளிநாட்டுக்காரர் கடைக்கு வந்தாலும் சுண்டுவிரலைக் காட்டி, "ஸ்மால் பைப்?" என்று கேட்பேன். பாதிப் பேர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு பயந்து ஓடினார்கள். மீதிப் பேரில் சிலர் ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது கொண்டுவந்தார்கள். களிமண்ணில் ஒன்று, சோளத் தக்கையில் ஒன்று, நண்டு மாதிரி செதுக்கியது ஒன்று. நுரை மாதிரி லேசான வெள்ளைக் கல்லில் ஒன்றும் வந்தது. ஐந்தாறு வருஷத்தில் பன்னிரண்டு சேர்ந்தன. எல்லாம் விரல் அளவுதான். எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்தேன். சின்னக் கிண்ணம் சீக்கிரம் சுட்டுவிடும். அவசரப்பட்டு இழுத்தால் நாக்கு பொத்துப் போகும். குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, அணையாமலும் சுடாமலும் இழுக்க வேண்டும். முடிந்ததும் கோழி இறகை விட்டுத் துடைக்க வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், வேறு என்ன வேலை எனக்கு?

என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். என் கடைக்கு போர்டு எழுத வந்தவன், எழுதி முடித்த பிறகும் தினமும் வந்தான். நாங்கள் ஒரே வயது. என் பைப்புகளை அவன் பார்க்கிற பார்வையே தனியாக இருக்கும், தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வான். ஒரு நாள் அந்த வெள்ளைக் கல் பைப்பை எடுத்து, "இந்தா மாஸ்டர், வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னான். அதன் கிண்ணத்துக்கு அடியில் மயிரிழை அளவு ஒரு விரிசல் இருந்தது. பிடிக்கும்போது தெரியாது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அவன் வீட்டில்தான். அவன் சம்சாரம் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். வாய் வார்த்தைக்காக இல்லை, நிஜமாகவே அண்ணனாகத்தான் நடத்தினாள். சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்றால், "அடுத்த வாரம் கம்மி பண்றேன், இப்ப பேசாம சாப்பிடுங்க" என்று அதட்டுவாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்த அதட்டல் வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் சமுத்திரம் ஏரிக்கரைக்குப் போவோம்.

அங்கே மாஸ்டரிடம் ஒரு பழக்கம். மலையைப் பார்த்து உட்கார்ந்து புகை விட மாட்டான். மலைதான் லிங்கம், லிங்கத்தின் முகத்தில் ஊதலாமா என்பான். எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் மலை தெரியும், அதனால் பைப்பை எடுத்தவுடன் அப்படியே திரும்பி மலைக்கு முதுகைக் காட்டி உட்காருவான்.

"முதுகு காட்றது மட்டும் மரியாதையா வாத்யாரே?" என்று கிண்டல் பண்ணுவேன்.

"மூஞ்சில ஊதறதுக்கு முதுகு எவ்வளவோ மேல்டா. உனக்கு எங்க தெரியப் போகுது, நீ பேசாம பத்த வை" என்பான்.

நானும் திரும்பி உட்காருவேன். என் செர்ரி மரம், அவன் வெள்ளைக் கல். ஒரு சிட்டிகை, ஏழெட்டு இழுப்பு. அதற்குள் வாரத்துக் கதை முழுவதும் பேசி முடித்துவிடுவோம்.

அவன் சம்சாரத்துக்கு வயிற்றில் கட்டி என்று வேலூருக்கு ஆபரேஷனுக்குப் போனார்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் மாஸ்டர் என் கடைக்கு ஓடி வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினேன்டா. அவ நல்லபடியா திரும்பி வந்தான்னா பைப்பை உண்டியல்ல போட்டுடறேன்னு. இனி தொடவே மாட்டேன்னு. காசு முடிஞ்சு வெச்சாச்சு."

எங்கள் பக்கம் வேண்டுதல் என்றால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். காரியம் நடந்ததும், கொடுப்பதாகச் சொன்ன பொருளையும் அந்தக் காசோடு சேர்த்து முடிந்து கோயில் உண்டியலில் போட்டுவிடுவார்கள். வீட்டுப் பெண்கள்தான் முடிச்சுப் போடுவது. மாஸ்டரிடம் இருந்ததே அந்த ஒரு பைப்புதான்.

அவள் பிழைத்து வந்தாள். மூன்று வாரம் கழித்து, இளைத்துப்போய், ஆனால் நடந்து வந்தாள். மாஸ்டர் மட்டும், "அடுத்த திங்கக்கிழமை போட்டுடறேன், அதுக்கடுத்த திங்கக்கிழமை" என்று தள்ளிக்கொண்டே போனான். பாவம், மனசு வரவில்லை, கொஞ்ச நாள் பிடிக்கட்டும் என்று நானே நினைத்தேன். நானே!

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் பைப்பு காணாமல் போயிற்று. என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் மூன்று பைப்பு எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். பிடித்துவிட்டு அரசமரத்தடியில் கொஞ்சம் கண் அசந்தேன். வீட்டுக்கு வந்து கூட்டைத் திறந்தால் இரண்டுதான் இருக்கிறது. செர்ரி மரத்தைக் காணோம். சைக்கிளை மிதித்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவனும் பதறிப்போய் என்னோடு வந்தான். புல்லில் தேடினோம், கல் இடுக்கில் தேடினோம். "தண்ணியில கிண்ணியில உருண்டிருக்கும்டா" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு சேற்றில் இறங்கிக் கைவிட்டுத் துழாவினான். வெளிச்சம் போகிற வரைக்கும் துழாவினான். நான் கரையில் உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கம் இல்லை. "வுடுடா, வேற கெடைக்கும்டா" என்று சேற்றுக் கையோடு என் முதுகைத் தட்டினான்.

மறுநாள் நான் செய்த காரியம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. பிரெஞ்சுக்காரப் பையன் ஒருத்தன், வாரா வாரம் என் கடையில் சைக்கிள் எடுப்பவன், சனிக்கிழமைதான் அந்தப் பைப்பைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஏரிக்கரைப் பக்கம் அவன் சைக்கிளைப் பார்த்த ஞாபகம். அவன்தான் என்று என் புத்தி முடிவு கட்டிவிட்டது. கடை வாசலிலேயே அவன் கையைப் பிடித்து, "திருடன், திருடன்" என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. அவன் தோள்பையைக் கழற்றி அதில் இருந்ததையெல்லாம் ரோட்டில் கொட்டினான். ஒரு துண்டு, ஒரு நோட்டு, பாதி வாழைப்பழம், ஒரு பெண்ணின் போட்டோ. அப்புறம் முழங்கால் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனான். அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். மாஸ்டர் அப்போது என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் வேண்டுதலை முடித்தான். மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். அவள் கையில் மஞ்சள் துணி முடிச்சு, ஓரத்தில் சிவப்புக் கரை. தரிசனம் முடிந்து உண்டியலுக்கு முன்னால் அதை அவன் கையில் கொடுத்தாள். அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டான். சில்லறை மேல் அது விழுந்த சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் தொலைத்துவிட்டு அழுகிறேன், இவன் தானாகவே கொடுக்கிறான், மனுஷன் என்றால் இவன் மனுஷன் என்று நினைத்தேன். அன்றையிலிருந்து அவனுக்கு முன்னால் நான் பைப்பைத் தொடவில்லை. அவன் மனசு சஞ்சலப்படக் கூடாதாம்!

இரண்டு மாதம் கழித்து உண்டியல் திறந்தார்கள். எண்ணுவதற்கு ஊரில் தெரிந்தவர்களைக் கூப்பிடுவது வழக்கம், கடைக்காரர்கள், வாத்தியார்கள் என்று. அந்தத் தடவை என்னையும் கூப்பிட்டார்கள். சட்டை கூடாது, மடியில் எதுவும் வைக்கக் கூடாது, வேட்டியும் துண்டும்தான். மண்டபத்துத் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். என் முன்னால் ஒரு குவியலைக் கொட்டினார்கள். காசு தனி, நோட்டு தனி, மற்ற பொருள் எல்லாம் தாம்பாளத்தில். வெள்ளிக் கண்மலர், தாலிப் பொட்டு, ஓடாத கைக்கடிகாரம், பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டும் என்று சாமிக்கு எழுதின கடுதாசி. மஞ்சள் முடிச்சு மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே போனேன். சிவப்புக் கரை போட்ட முடிச்சு ஒன்று கையில் வந்தது. அடையாளம் தெரிந்துவிட்டது. அட, நம்ம மாஸ்டருடையது, கடைசியாக ஒரு தடவை அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசையாக அவிழ்த்தேன்.

ஒரு ரூபாய்க் காசு. அதோடு என் செர்ரி மரப் பைப்பு.

வெள்ளி வளையம் மங்கிப் போயிருந்தது. வாயில் என் பல் போட்ட பள்ளம். விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். அப்புறம், எண்ணுகிற இடம் என்பதையே மறந்து, அதை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்றே?" நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோயில் அதிகாரி எழுந்து வந்துவிட்டார்.

"சார், இது என்னுதுங்க."

"உன்னுதா?"

"என்னுதுதாங்க. இதோ பாருங்க, என் பல்லுத் தழும்பு."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "உன்னுதா இருந்துது. உண்டியல்ல வுழுந்தாச்சு இல்ல? இப்ப சாமிது. தாம்பாளத்துல போடுப்பா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஊரில் கைதவறிக் கழுத்துச் சங்கிலியே விழுந்தாலும் விழுந்ததுதான். என் கையாலேயே என் பைப்பைத் தாம்பாளத்தில் வைத்தேன். அப்புறம் சாயங்காலம் வரை உட்கார்ந்து சில்லறை எண்ணினேன், பாதியில் எழுந்து போகக் கூடாது என்பதால்.

வெளியே வந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எல்லாரும் போயிருந்தார்கள். டிராயிங் ரூமுக்குப் பின்பக்கம், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தான். வாயில் வெள்ளைக் கல் பைப்பு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அடப் பாவி! சாமியையும் ஏமாத்திட்டு என்னையும் ஏமாத்திட்டியேடா!"

அவன் எழுந்திருக்கவில்லை. பைப்பை மட்டும் உள்ளங்கையில் மறைத்தான். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்பது கூட அவனுக்கு உறைக்கவில்லை.

"சாமியை நான் ஏமாத்தலைடா. பைப்பு போடறேன்னுதான் வேண்டிக்கினேன். எந்தப் பைப்புன்னு சொல்லலை."

"தொடவே மாட்டேன்னு சொன்னியே, அது?"

"ரெண்டு நாள் முயற்சி பண்ணேன்டா. முடியலை" என்றான்.

"சேத்துல எறங்கித் துழாவினியே, அப்ப எங்கடா இருந்துது அது?"

"வூட்ல. சாமி படத்தாண்ட."

அடித்திருப்பேன். கையை ஓங்கியும் விட்டேன். "அந்தப் பிரெஞ்சுக்காரன் ரோட்ல பையைக் கொட்டினானே, அப்பவாவது சொல்லியிருக்கலாமேடா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா!" என்றேன். அவன் என் காலைத் தொட வந்தான். "என்னை இன்னா வேணா பண்ணு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. வேண்டுதல் சுத்தமா நடந்துதுன்னு நம்பிகினு இருக்கா. அந்தத் தெம்புலதான் எழுந்து நடக்கறா. தெரிஞ்சா படுத்துடுவாடா."

அவளுக்காக வாயை மூடினேன். ஆறு வருஷம் மூடினேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்தால் அவள் ஏன் என்று கேட்பாள், அதனால் போனேன். அவள் பரிமாறும்போது, "மாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்பேன். அவள் அடுப்பங்கரைக்குப் போனால் நானும் அவனும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏரிக்கரைக்குப் போவது நின்றுபோயிற்று. தன் புருஷன் தனக்காகப் பைப்பை விட்டதைப் பற்றி அவள் ஒரு நாளும் பெருமையாகப் பேசியதில்லை. அடக்கமான பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். வயிறு எரியும்போதெல்லாம் அவள் நடமாடுவதைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொள்வேன். என் பைப்பு போனாலும் போகட்டும், என் மௌனத்தில் ஒரு உயிர் நிம்மதியாக இருக்கிறது என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எண்பதுகளின் நடுவில் மாஸ்டருக்கு ஆரணிக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அவன் முதலில் போய்விட்டான். அவள் வீட்டைக் கழுவிச் சாவியைக் கொடுத்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. பையைத் தூக்கிக் கொடுக்க நான் போயிருந்தேன். காலி வீட்டில் பரணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஒரு பவுடர் டப்பாவோடு இறங்கி வந்தாள். திறந்து என்னிடம் காட்டினாள். வெள்ளைக் கல் பைப்பு, பிடித்துப் பிடித்துப் பழுப்பேறி இருந்தது.

"பாருங்கண்ணா, இதைப் போய் மறந்துட்டுப் போயிருக்காரு. இது இல்லாம அங்க இன்னா பண்ணுவாரு?"

சாதாரணமாகச் சொன்னாள். பால் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போனதைச் சொல்கிற மாதிரி.

"உனக்குத் தெரியுமா?"

"முடிச்சு போட்டதே நான்தானேண்ணா. உள்ள இன்னா இருக்குன்னு பாக்காமயா முடிச்சு போடுவாங்க? உங்க பல்லு தழும்பு தெரிஞ்சுதே."

"அப்ப அவன்கிட்ட ஒண்ணும் கேக்கலியா நீ?"

"இன்னாத்த கேக்கறது? அவரு ராத்திரியெல்லாம் அந்த வெள்ளை பைப்பைக் கையில வெச்சுகினு உக்காந்திருந்தாரு. உங்ககிட்ட பதினொண்ணு இருந்துது. அவருகிட்ட அது ஒண்ணுதான்." டப்பாவை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் செவுத்தைப் பாத்துகினு உக்காந்திருப்பீங்களே, அதையும் பாத்துகினுதான் இருந்தேன். நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்கவே இல்ல."

ஆறு வருஷம் நான் யாரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேனோ அவள் ஆறு வருஷமும் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவன் எடுத்தான், இவள் முடிச்சுப் போட்டாள், நான் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா" என்றேன்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. "குடுத்திருக்க மாட்டீங்கண்ணா. விரிசல் வுட்டதைத்தானே குடுத்தீங்க" என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஆரணி போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடுகிறேன் என்றாள், தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பாயை விரித்து, கண்ணாடிக் கூடு, தகர டப்பா எல்லாவற்றையும் திறந்து பைப்புகளை வரிசையாக வைத்தேன். பத்து. அவள் சொன்னது பொய் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. யாராவது இப்போது வந்து கேட்டால் எதைக் கொடுப்பேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். களிமண், சோளத் தக்கை, நண்டு. திருட்டு திருட்டுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அவர்களை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனால் பத்தையும் கோழி இறகால் துடைத்து ஒவ்வொன்றாகத் திருப்பி உள்ளே வைத்தேன். கொடுக்கலாம் என்று தோன்றிய பைப்பு அதில் ஒன்றுகூட இல்லை.